விழுவு மிச்சமுள்ள பலகை

இதில் நடந்தவற்றை நான் நேரில் பார்க்கவில்லை. மகளிர் விடுதியில் என் அறையில் இருக்கும் அமுதவல்லி சொன்னவை இவை. கடைசியில் வரும் ஒரு விஷயத்தை மட்டும் அவள் ஊரான செய்யாறு வரை போய் நானே சரிபார்த்தேன். மற்றவை அவள் சொன்னபடியே இருக்கின்றன. எனக்குப் புரியாத இடங்களிலும் நான் கை வைக்கவில்லை.

கல்மேட்டுக் குப்பத்தில் அலைச்சறுக்குப் பலகைகளைச் செய்யும்போதே ஒவ்வொன்றுக்குள்ளும் ஓரளவு விழுவு போட்டு மூடிவிடுகிறார்கள். சறுக்குகிறவர் விழ விழ அது தீர்ந்துகொண்டே வரும். பழைய பலகையை வாங்குகிறவர், முன்னால் வைத்திருந்தவர் விழுந்தது போக மிச்சம் இருப்பதைத்தான் வாங்குகிறார். இளநீர்க்காரர் காயைத் தட்டுவதுபோல் விரலை மடக்கித் தட்டினால் எவ்வளவு மிச்சம் என்பது கேட்கும். பலகையை விட்டு இறங்குவதும் ஒரு சிறிய விழுவுதான் என்பதால், முழுக்கத் தீர்ந்துபோன பலகையில் ஏறியவர் இறங்க முடியாது. அவருக்காக இன்னொருவர் எங்காவது விழ வேண்டும். இதெல்லாம் அங்கே குழந்தைகளுக்கும் தெரியும்.

அமுதவல்லி அதுவரை பயிற்சி நிலையத்தின் ஸ்பாஞ்சு போர்டில்தான் பழகினாள். ஸ்பாஞ்சில் விழுவு தீரவே தீராது. நுரைத்த அலையில் எழுந்து நிற்க வந்துவிட்டது. நுரைக்கு அப்பால், உடையாத பச்சை அலையைப் பிடிக்க அவளுக்கென்று ஒரு பலகை வேண்டியிருந்தது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேசப்பனிடம் போனாள்.

தேசப்பன் படகுக்குப் போகாத நாட்களில் பழைய பலகைகளை வாங்கி விற்பவர். வலை காயும் சுவரில் பலகைகளைச் சாய்த்து வைத்திருந்தார். பக்கத்திலேயே அவர் மனைவி செங்கேணியின் டீக்கடை. அமுதவல்லி ஒழுங்காகத்தான் பார்த்தாள். மேல்பூச்சைக் கட்டைவிரலால் அழுத்தி எங்காவது மெத்தென்று இறங்குகிறதா என்று பார்த்தாள். ஒட்டுப் போட்ட இடங்களை முகர்ந்தாள். தூக்கிப் பார்த்து, தண்ணீர் குடித்துக் கனத்திருந்தவற்றை ஒதுக்கினாள்.

இரண்டு பலகைகள் மிஞ்சின. ஒன்று வெள்ளை. குட்டையாக, மெலிந்து, மீன் வயிறுபோல் மின்னியது. தேசப்பனே ஓட்டியது. இன்னொன்று மஞ்சளாகிப்போன நீளப் பலகை. ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவருடையது. அவர் அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய், அதன் மேல் உட்கார்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பி வருவாராம். ஒருமுறைகூட எழுந்து நின்றதில்லை.

மஞ்சளைத் தட்டினாள். தண்ணீர் தளும்பும் காய்போலக் கும்மென்றது. வெள்ளையைத் தட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை.

“அது காலிம்மா” என்றார் தேசப்பன். “ஒண்ணு வுடாம நானே வுழுந்துட்டேன். ஆடி மாசம் பூரா அதுமேலயேதான் நின்னேன். சோறு, ஷேவிங்கு எல்லாம் அங்கயே. ஓட்டல்காரங்க செவுத்துல மாட்ட கேக்குறாங்க.”

“நின்னாராம்” என்றாள் செங்கேணி, கண்ணாடித் தம்ளரைக் கழுவியபடி. “நான் வாசல்ல வழுக்கி வுழுந்துதான் இவரு எறங்குனாரு. அத்த சொல்ல மாட்டாரு.”

“சொல்லிட்டுதான இருக்கேன்.”

“நான் சொன்னப்புறம்.”

அமுதவல்லி வெள்ளையைத்தான் கேட்டாள். தெரிந்தே கேட்டாள். அவள் வீட்டில் யாரும் விழுந்ததில்லை. அவள் அப்பா குணாளன், கட்டடங்களுக்குச் சாரத்தில் நின்று பெயின்ட் அடிப்பவர். நான் வுழுந்தா வீடே வுழுந்துடும் என்பார். அந்த வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் அமுதவல்லி. ஒரு தாளில்கூடத் தவறாமல் படித்து முடித்தாள். என் வீட்டிலும் அப்படித்தான் என்பதால் இந்த இடத்தில் அவளிடம் நான் கேள்வி கேட்கவில்லை.

வாங்குவதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம். காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு துடுப்பாகக் கைகளை வீசிப் போனாள். முதல் பச்சை அலையிலேயே எழுந்து நின்றாள். அவள் தேர்ச்சிக்கு அந்தப் பலகை மிகவும் சிறியது. வேறு பலகையாக இருந்தால் ஏறும்போதே கவிழ்ந்திருப்பாள். இதில் கவிழ ஒன்றுமில்லை. அலை அவளைக் கரைக்குக் கொண்டுவந்தது. பலகை மணலில் ஏறி, காய்ந்த நெத்திலியைச் சுற்றிக்கொண்டு, திரும்பக் கடலுக்குப் போனது. நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் அவளை நிமிர்ந்து பார்த்து, நல்லாருக்கு என்றார்கள்.

உண்மையில் நன்றாகத்தான் இருந்தது என்றாள் அமுதவல்லி. முழங்கால் மடங்கி, கை விரிந்து, படத்தில் இருப்பதுபோல் நின்றாளாம். கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுக் கற்களின்மேல் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மதியம் செங்கேணி பரோட்டாவைப் படகில் கொடுத்தனுப்பினாள். நின்றபடியே சாப்பிட்டாள்.

வெயில் சாய்ந்தபோது அவளுக்குப் பேருந்து நினைவு வந்தது. மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். அவள் சம்பளத்தில்தான் தம்பி பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அலை அவளைக் கரைக்குக் கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் ஒரு காலை எடுத்து மணலில் வைக்கப் பார்த்தாள். மணலில் விரல் படும், ஆனால் கால் பலகைக்கே திரும்பிவிடும். தேசப்பனிடம் கொடுத்துவைத்திருந்த தன் போனைக் கேட்டு வாங்கி அப்பாவை அழைத்தாள்.

“அப்பா, கடல்ல நிக்கிறேன்.”

“வுழலியேம்மா?”

“இல்லப்பா. காலையிலேர்ந்து வுழல.”

“அட என் தங்கமே! அப்படியே நில்லு. எட்டிப் பாக்காத, கீழ பாத்தா தல சுத்தும். நேரா பாரு.”

“கால் வலிக்குதுப்பா.”

சாரத்தில் கயிறு முறுக்கும் சத்தம் போனில் கேட்டது.

“எனக்கும்தாம்மா” என்றார்.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பக்கத்து அலையில் ஒரு பெண் தலைகுப்புற விழுந்து, மூக்கில் தண்ணீரோடு எழுந்து, சிரித்துக்கொண்டிருந்தாள். அமுதவல்லி அவளையே பார்த்தபடி மீண்டும் உள்ளே போனாள்.

அடுத்த முறை கரைக்கு வந்தபோது டீக்கடைப் பக்கம் பார்த்து, “அக்கா, எனக்காக ஒருமுறை வுழறீங்களா?” என்று கேட்டாள். வாழ்க்கையில் அவள் இப்படி யாரிடமும் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அத்த காலையிலயே கேக்கறதுக்கு இன்னா கண்ணு?” என்றாள் செங்கேணி. “யோவ், இந்தப் பால் குண்டானைப் புடி.”

புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு மணலுக்கு வந்தாள். முன்னும் பின்னும் பார்த்தாள். பிறகு வாழைமரம் சாய்வதுபோல் பக்கவாட்டில் விழுந்தாள். அவ்வளவு நேர்த்தியான ஒரு விழுவைத் தான் பார்த்ததேயில்லை என்று அமுதவல்லி இப்போதும் சொல்கிறாள். அந்தக் கணத்தில் அவள் கால் பலகையை விட்டு வந்தது. இருவரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள்.

“எது வோணும்?” என்றார் தேசப்பன், பால் குண்டானைக் கீழே வைக்காமல்.

“மஞ்சள்.”

“அது முழுசா இருக்குதுமா. தாசில்தாரு ஒண்ணக்கூட தொடல. வுழுந்து மாளாது.”

“அதனாலதாண்ணா கேக்குறேன்.”

பேருந்து வருவதற்குள் இருந்த நேரத்தில் மஞ்சளோடு கடலுக்குள் போய் விழுந்தாள். முன்னால் விழுந்தாள், பின்னால் விழுந்தாள், எழுவதற்கு முன்பே விழுந்தாள். ஒருமுறை அலை அவளைத் தூக்கி, யோசித்து, பிறகு போட்டது. நெத்திலிப் பெண்கள் வேலையை விட்டுவிட்டுக் கரையில் வந்து நின்றார்கள். காலையில் சொன்னதைவிடச் சத்தமாக நல்லாருக்கு என்றார்கள். தூண்டில் வளைவில் இருந்தவர்கள் எழுந்து நின்றே கைதட்டினார்களாம். இதை நான் முதலில் நம்பவில்லை. பிறகு அங்கே போய்வந்த ஒருவர், அந்த மஞ்சள் பலகைப் பொண்ணா என்று தானாகவே கேட்டார்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் போனாள். விழுவு குறையக் குறைய நிற்பது நீண்டது. மழைக்காலம் தொடங்குவதற்குள் பச்சை அலையில் சாய்ந்து திரும்பவும் வந்துவிட்டது. தட்டினால் அடியில் கொஞ்சம்தான் கேட்டது. அந்த நிலையில் எல்லோரும் பலகையை விற்றுவிட்டு அடுத்ததை வாங்குவார்கள். அமுதவல்லி அதைக் காய்கறி வண்டி ஒன்றின் மேல் கட்டி, செய்யாற்றுக்கு அனுப்பினாள். மிச்சமிருப்பது அப்பாவுக்கு என்று சொல்லி அனுப்பினாள்.

நான் சரிபார்த்தது இனிமேல் வருவது.

தைப் பொங்கலுக்கு அவளோடு செய்யாறு போனேன். குணாளன் மிச்சத்தை ஒரே நாளில், தெருவில், எல்லோரும் பார்க்க விழுந்து தீர்த்திருந்தார். கடைசி விழுவை இறங்குவதற்கு வைத்துக்கொண்டதாகச் சொன்னார். காலிப் பலகை சமையலறைக்கு வெளியே, சுவரில் செங்குத்தாகச் சாய்ந்திருந்தது. நான் விரலை மடக்கித் தட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. அதன் நடுவில் வீட்டுக் கோழி நின்றுகொண்டிருந்தது. மறந்துபோய் ஏறிவிட்டதாம். அதன் காலடியில், அந்தச் செங்குத்தான வழவழப்பில், இரண்டு முட்டைகள் இருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

“இரும்மா, அது அப்படி வராது” என்றார் குணாளன். தோளில் இருந்த துண்டை எடுத்து ஓரமாக வைத்தார். முப்பது வருஷம் சாரத்தில் நின்ற மனிதர், அவசரமே இல்லாமல், முற்றத்தில் மல்லாந்து விழுந்தார். அமுதவல்லியின் அம்மா கையை நீட்டி ஒரு முட்டையை எடுத்துக்கொண்டாள். தினமும் காலையில் இப்படித்தான் என்றாள்.

“நீயும் சாப்பிடுவல்ல?” என்று என்னைக் கேட்டாள்.

சாப்பிடுவேன் என்றேன். இன்னொரு முட்டைக்கு நான் விழுந்தேன்.