நீட்டிய கால்

முட்டைக்கோஸ் மூட்டையை இறக்கி வைத்ததும் அஸ்ரிலின் வலது முட்டிக்குள் ஏதோ நகர்ந்தது. கூழாங்கல் சிக்கிக்கொண்ட மாதிரி. லாரிச் சக்கரத்தில் கையை ஊன்றிப் பல்லைக் கடித்தான். அது பதினேழாவது மூட்டை. இன்னும் இருபத்து மூன்று லாரியிலேயே கிடந்தன.

"உடா, கொஞ்சம் உக்காரு. உன் பங்கையும் சேத்து நான் இறக்கறேன்," என்றான் கூடச் சுமை தூக்கும் எந்திஸ்.

உடா என்றால் அஸ்ரிலின் ஊரில் அண்ணன். ஜாவாவின் போகோர் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள், பாதி மரியாதையாக, பாதி கேலியாக.

"உக்காந்தா எந்திரிக்க முடியாது, கங். பத்து மணிக்கு எனக்குக் கால் வேணும்," என்றான் அஸ்ரில். கங் என்பது எந்திஸின் ஊரில் அண்ணன்.

பத்து மணிக்குத்தான் யோயோ அம்மாவின் கிடங்கு வாசலில் சோதனை. பழைய காவல்காரன் போய்விட்டான். வாசலில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் வேலை அந்தச் சந்தையில் அது ஒன்றுதான். இன்னும் ஆறு மாதம் சுமை தூக்கினால் முட்டி அடியோடு போய்விடும் என்று சுகாதார நிலையத்தில் சொல்லியிருந்தார்கள்.

சுமத்ராவில், பாயகும்புவில், அஸ்ரில் புலி ஆட்டக்காரன். தாய்மாமன் கற்றுக்கொடுத்த சிலாட் என்னும் சண்டைக் கலை. சேற்றில் தாழ்ந்து, நாலு காலில் தவழ்ந்து, எதிராளியின் காலுக்குள் புகுவது. மரம் உருண்டு முட்டி நொறுங்கிய பிறகு தாழ முடியவில்லை. மாமாவிடம் அதைச் சொல்லாமலே கப்பலேறிவிட்டான்.

போகோரில் எந்திஸ் கிடைத்தான். அவன் ஆடுவது சிமாண்டே. அது கையில் தொடங்குகிற ஆட்டம். இரண்டு பேர் எதிரெதிரே தரையில் உட்கார்ந்து முன்கையோடு முன்கையை மோதுவார்கள். கால் தேவையில்லை. நாலு மாதமாகச் சாப்பாட்டு நேரத்தில் வெங்காயச் சாக்குகளுக்குப் பின்னால் இருவரும் மோதினார்கள்.

"சத்தியம் பண்ணாம கத்துக்கறே. எங்க ஆளுங்க முன்னாடி சத்தியம் பண்ணி, கைக்கு எண்ணெய் போட்டாத்தான் இது உன் கை. அதுவரைக்கும் இரவல்," என்றான் எந்திஸ்.

"மாமாகிட்ட உத்தரவு வாங்கணும், கங். இன்னொரு களத்துல அவரைக் கேக்காம கால் வைக்கக் கூடாது."

"அப்ப போன் போடு."

அஸ்ரில் போடவில்லை. போட்டால் முட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும்.

பத்து மணிக்குக் கூட்டம் கூடியது. யோயோ அம்மா சாவிக்கொத்தை அஸ்ரிலின் இடுப்பில் சணல் கயிற்றால் கட்டினாள். "ஒரு கிராம்பு சிகரெட் எரிஞ்சு முடியற வரைக்கும் கார்தா இதைப் பறிக்கக் கூடாது. பறிச்சா நாற்காலி அவனுக்கு. குத்து, வெட்டு எதுவும் கிடையாது. புரியுதா ரெண்டு பேருக்கும்?"

கார்தா சந்தையிலேயே பெரிய உடம்பு. சிரித்தான். "உங்க ஊர்க்காரன் போற இடமெல்லாம் சோத்துக்கடை போடறான். நீ எதுக்குய்யா சாவிக்கு அலையறே? போய் ரெண்டாங் கறி கிண்டு."

"கிண்டினா முதல் தட்டு உனக்குத்தான்," என்றான் அஸ்ரில்.

எந்திஸ் சிகரெட்டைப் பற்ற வைத்தான்.

கார்தா நேராகப் பாய்ந்தான். நிற்க வேண்டும், கையால் தள்ள வேண்டும் என்று இரவெல்லாம் நினைத்து வைத்திருந்தான் அஸ்ரில். உடம்பு கேட்கவில்லை. முப்பது வருடப் பழக்கம். ஆள் பாய்ந்ததும் அது புலியாகத் தாழ்ந்தது. முட்டி சொடுக்கென்று பூட்டிக்கொண்டது. பொத்தென்று சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "புலி முட்டை போடுதுடோய்!"

எழுந்திருக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. சிகரெட்டில் கால்வாசிகூட எரியவில்லை. கார்தாவின் கை இடுப்புக்கு வந்தது. அஸ்ரிலின் முன்கை தானாகப் போய் அதை வெளியே தட்டியது. இன்னொரு கை வந்தது. அதையும் தட்டியது. நாலு மாதமாக உட்கார்ந்த இடத்தில் செய்ததுதானே? எலும்போடு எலும்பு மோதும் சத்தத்தில் கூட்டத்தின் சிரிப்பு குறைந்தது. கார்தா குனிந்து குனிந்து நீட்டினான். கை சிவந்து இழுத்துக்கொண்டான்.

"பாதி," என்றான் எந்திஸ்.

கார்தா நிமிர்ந்து அஸ்ரிலின் வலது காலைப் பார்த்தான். அது நீட்டிக் கிடந்தது. "இதானே உடா வலிக்குது?"

காலை இழுத்துக்கொள்ள நேரமிருந்தது. எதிராளி எங்கே மிதிக்க ஆசைப்படுகிறானோ அந்த இடத்தை அவனுக்குக் கொடு என்பது புலி ஆட்டத்தில் மாமாவின் முதல் பாடம். அஸ்ரில் காலை இன்னும் கொஞ்சம் நீட்டினான்.

கார்தா முட்டிமேல் ஏறி மிதித்தான். கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. ஆனால் இப்போது கார்தா தரையில் நிற்பது ஒற்றைக் காலில். அஸ்ரில் கார்தாவின் மணிக்கட்டை முன்கையால் சுற்றி இழுத்தான். இடது காலால் அந்த ஒற்றைக் காலைக் கொக்கிபோட்டு வாரினான். பெரிய உடம்பு கிடங்குக் கதவில் இடித்துச் சரிந்தது. எழ முயன்றவனின் கைகளை இரண்டு முன்கைகளுக்கு நடுவே பூட்டி, முனகிக்கொண்டே பிடித்திருந்தான். வியர்வை கண்ணில் இறங்கியது.

"எரிஞ்சிருச்சு," என்றான் எந்திஸ்.

கார்தா தரையில் கிடந்தபடியே மூச்சு வாங்கினான். "உக்காந்தே காவல் காக்கற ஆளு வேணும்னா இவன்தாம்மா சரி."

யோயோ அம்மா நாற்காலியைத் தூக்கி வந்து பக்கத்தில் போட்டாள். அதில் ஏற அவனுக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். முட்டி பப்பாளி அளவுக்கு வீங்கிவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு எந்திஸ் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். சிரிக்கவில்லை.

"கீழ வாரினது உங்க மாமா கால். பூட்டினது எங்க கை."

"ஆமா, கங்."

"எத்தனை பேர் பாத்தாங்க தெரியுமா? சத்தியம் பண்ணாதவனுக்கு யாருடா கத்துக்குடுத்தான்னு எங்க ஆளுங்க என்னைத்தான் கேப்பாங்க."

அஸ்ரில் போனை எடுத்தான். மாமாவின் எண்ணைப் பார்த்தான். முட்டியில் ஐஸ் உருகி வழிந்தது. போனைத் திரும்பவும் பைக்குள் வைத்தான்.

"நாளைக்கு."

எந்திஸ் லாரிப் பக்கம் நடந்தான். சாவி அஸ்ரிலின் இடுப்பில் இருந்தது. அந்தக் கைகளுக்காக எந்திஸுக்கு அவன் செய்ய வேண்டிய சத்தியம் இன்னும் பாக்கி.