கணினிக்கு வந்த காய்ச்சல்

அன்று விடியற்காலையும் ஜூட் கணினியிடம் நலம் விசாரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்.

"என்ன சாமி, நல்லாருக்கியா?"

ஆட்டையாம்பட்டிக்கு அருகே எங்கள் சைசிங் மில். தறிக்குப் போகும் பாவு நூலைக் கஞ்சியில் முக்கி, நீராவியில் கொதிக்கும் டிரம்களின் மேல் ஓட்டிக் காயவைப்போம். விடிவதற்குள் கஞ்சி ஆவி கொட்டகையை மூடிவிடும். சட்டை முதுகில் ஒட்டும், காய்ந்தால் மொடமொடக்கும். அறுந்த இழைகளுக்கு முடிச்சுப் போடுவது என் வேலை. என் கணவர் ஜூட் டிரம் பக்கம்.

இயந்திரங்களை ஓட்டும் கணினிக்கு முதலாளி சபரிநாதன் கண்ணாடி அறை கட்டி, தமிழ் பேசும் ஏஐ ஒன்றையும் அதில் வைத்திருந்தார். கணினியின் சூடு, சுமை, நினைவகம் எல்லாம் நொடிக்கு நொடி அதற்குத் தெரியும். அதனால் நலமா என்று கேட்டால் ஒப்புக்குப் பதில் சொல்லாது, உள்ளதைச் சொல்லும்.

"ஃபாதரையும் சாமிங்கறோம், பக்கத்தூட்டுப் புள்ளையையும் சாமிங்கறோம். இதுக்கு மட்டும் என்ன கொறச்சல்?" என்பார் ஜூட்.

அன்று அது சொன்னது: "கணினியின் சூடு அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது. உடனே காற்று வேண்டும்."

முதலாளி ஓடி வந்தார். அறையின் ஏசி பழுதாகியிருந்தது.

"டிரம்கிட்ட நிக்கற ஃபேனைத் தூக்கிட்டு வா ஜூட்!"

கொட்டகையில் இருந்ததே அந்த ஒரு பெரிய விசிறிதான். ஜூட்டே தோளில் சுமந்துவந்து வைத்தார். "காச்சலும் உனக்கு, காத்தும் உனக்கு. நடத்து சாமி" என்று சிரித்துவிட்டு டிரம்முக்குத் திரும்பினார்.

சித்திரை வெயில். உச்சிப்பொழுதில் விழுந்தார். தொட்டுப் பார்த்தேன். உடம்பில் வியர்வையே இல்லை. டிரம்மைப் போலக் கொதித்தது. சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

நான் வேலைக்குத் திரும்பியபோது ஏசியைச் சரிசெய்திருந்தார்கள். விசிறி மட்டும் திரும்பி வரவில்லை. "ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்றாராம் முதலாளி.

என்னோடு முடிச்சுப் போடும் சௌந்திரம் அக்கா எழுந்துபோய் மிஷினை நிறுத்தினாள். எல்லோரும் கண்ணாடி அறை முன் கூடினோம்.

"ஃபேன் வேணுமுங்க. கொட்டாயிலயும் சூட்டை அளக்கோணும். அளவு மீறுனா மிஷின் தானா நிக்கோணுமுங்க" என்றாள் அக்கா.

"அவனுக்கு பிபி இருந்துச்சு. மில்லுல எல்லாம் நார்மல்." முதலாளி கணினிப் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு. அன்னைக்கு எல்லாம் நார்மல்தானே?"

"விசிறி வந்த பிறகு கணினி இயல்பாக இருந்தது. கொட்டகை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அங்கே அளக்கும் கருவி எதுவும் என்னோடு இணைக்கப்படவில்லை. இணைத்தால் சொல்வேன்."

"பாத்தீங்களா, அதுவும் நம்ம சங்கத்துல சேந்துருச்சு" என்றாள் அக்கா. ஜூட் போனபின் அந்தக் கொட்டகையில் கேட்ட முதல் சிரிப்பு அது.

முதலாளியின் முகம் சிவந்தது. "அது சொன்னா மிஷினை நிறுத்தோணுமா? மில்லு என்னுதா, அதோடதா?"

"கம்ப்யூட்டருக்குச் சுட்டப்ப அது பேச்சைக் கேட்டுத்தானுங்க ஓடியாந்தீங்க" என்றேன் நான். "எங்களுக்குச் சுட்டா யாரு சொல்றதுங்க?"

"நாளைக்கே வேற ஆளு வெச்சு ஓட்டுவேன்."

"ஓட்டுங்க. வர்றவங்களுக்கும் வேர்க்குமுங்க" என்றேன்.

வெளியே வந்து வாசலில் உட்கார்ந்தோம். சங்ககிரியிலிருந்து நூல் ஏற்றிவந்த லாரி டிரைவர் சின்னண்ணன், விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சரக்கை இறக்கவில்லை. தார்ப்பாயை அவிழ்த்து எங்களுக்கு நிழல் கட்டினார். பொழுது சாயும்போது அடுத்த மில் தொழிலாளர்கள் வந்தார்கள். "எங்க கொட்டாயிலயும் அளக்கோணுமுங்க" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

இதுவரை எதுவும் கிடைக்கவில்லை. நாங்களும் எழவில்லை. வாசல் கேட்டின் கம்பி வழியே பார்த்தால் கண்ணாடி அறை தெரிகிறது. டிரம்கள் ஆறிக் கிடக்கின்றன. விசிறி மட்டும் கணினியைப் பார்த்தபடி சுற்றிக்கொண்டிருக்கிறது.