விஜயதசமிக்குத் தொடங்கிய வகுப்பு

எங்கள் கட்டடத்தில் படிக்கட்டுத் துடைப்பது வாரத்துக்கு ஒரு வீட்டின் முறை. கைசர்ஸ்லௌட்டர்ன் நகரத்து ஜெர்மன்காரர் இதை ஒழுங்கு என்பார்கள். நான் செய்திச் சேவை என்பேன். வாளியும் துணியுமாகக் குனிந்து நிற்பவளைப் பார்த்து, ஒட்டுக்கேட்கிறாள் என்று யாரும் சொல்ல முடியாது.

எதிர்வீட்டு அரவிந்த் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி படிக்கட்டில் கிடைத்தது. மீதி அவன் மனைவி பிருந்தா, நான் சமைக்கையில் என் குசினியில் இருந்து சொன்னது. அவன் நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்த திருச்சிக்காரப் பிள்ளை. இங்கே அமெரிக்கப் படைத்தளத்தில் கம்ப்யூட்டர் வேலை. கிழமை நாட்களில் சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு போவான். மாதத்தில் ஒரு சனி ஞாயிறும், கோடையில் தொடர்ந்து இரண்டு முழுக் கிழமையும் சீருடை. ரிசர்வ் படையாம், பகுதிநேரப் பட்டாளம். கல்யாணத்துக்கு முன்பு ஒருமுறை முழுநேரமாகக் கூப்பிட்டு ஒரு வருடம் குவைத்தில் வைத்திருந்தார்களாம்.

மேல்வீட்டுக் கமலநாயகி அவனுக்கு மாதாந்தச் சிப்பாய் என்று பேர் வைத்தாள்.

"வாடகை மாதிரி மாசத்துக்கு ஒருக்கா வாற பட்டாளத்தை நான் இப்பதான் பாக்கிறன்" என்பாள்.

நாங்கள் சிரித்தோம். ஆனாலும் அவன் சீருடையில் இறங்கி வரும்போது எங்கள் இருவருடைய கையும் தன்பாட்டில் அடையாள அட்டையைத் தேடும். யாழ்ப்பாணத்துச் சோதனைச்சாவடிப் பழக்கம். "குட் மார்னிங் ஆன்ட்டி" என்று அவன் சொன்ன பிறகுதான் கை கீழே இறங்கும்.

பிருந்தா கோயம்புத்தூர்ப் பெண். வந்து மூன்று வருடமாக வீட்டில் இருந்தாள். ஊரில் படித்த பி.காம். பட்டம் இங்கே அலுமாரியில்தான் கிடந்தது. படிக்க வேண்டும் என்று அவள் சொல்லாத நாள் இல்லை. அதை அரவிந்த் கேட்காத நாளும் இல்லை. 2009 கோடையில் அமெரிக்காவில் ஒரு புதுச் சட்டம் வந்தது. ரிசர்வ் படையில் போதிய காலம் இருந்தவன் அரசே கட்டணம் கட்டும் தன் படிப்புச் சலுகையை மனைவிக்குக் கைமாற்றிக் கொடுக்கலாம். ஒரேயொரு நிபந்தனை, இன்னும் நான்கு வருடம் படையில் இருப்பேன் என்று கையெழுத்து வைக்க வேண்டும். அவனுக்கோ படையில் சேர்ந்தபோது ஒப்புக்கொண்ட எட்டு வருடக் கணக்கு அந்த டிசம்பரோடு முடிகிறது. முடித்துவிட்டுச் சனி ஞாயிறுகளில் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். அவளுக்காக வைத்தான் கையெழுத்தை.

ஆனால் பையன் மூளைக்காரன். அவர்கள் வீட்டுக் கதவு திறந்திருந்தது, நான் துடைத்துக்கொண்டிருந்தேன். "பிருந்தா, ஜனவரி வரைக்கும் எதையும் தொடாத" என்று அவளுக்குச் சொன்னான். "நீ ஒரு கிளாஸ்கூட எடுக்கலைன்னா இதைத் திருப்பிக் குடுத்துடலாம். அந்த நாலு வருஷமும் கேன்சல் ஆயிடும். டிசம்பர் வரைக்கும் யூனிட்டை எங்கயாவது அனுப்புறாங்களான்னு பாக்கலாம். அனுப்பலைன்னா ஜனவரில ஜாலியா சேரு."

"சரிங்க" என்றாள் பிருந்தா. எவ்வளவு அடக்கமான சரிங்க!

செப்டம்பர் கடைசியில் விஜயதசமி வந்தது, திங்கட்கிழமை. கோயம்புத்தூரில் இருந்து பிருந்தாவின் அம்மா தொலைபேசியில்: "அன்னிக்கு ஆரம்பிச்சாத்தான் படிப்பு ஓடும் கண்ணு. ஜனவரி பொறக்கறப்ப மார்கழியா இருக்கும், யாராச்சும் மார்கழியில ஆரம்பிப்பாங்களா?" அவள் பார்த்து வைத்திருந்த கல்லூரியின் இணையவழிக் கணக்கியல் வகுப்பு ஒன்றும் சரியாக அந்தத் திங்கட்கிழமையே தொடங்கியது. அதற்கு மேல் சரஸ்வதி என்னதான் செய்வாள்? பிருந்தா அந்தச் சலுகைக்குத் தானாகவே விண்ணப்பித்துச் சேர்ந்துவிட்டாள். அன்று மடிக்கணினியைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து, மூடியில் குங்குமப் பொட்டு வைத்து, சுண்டல் கொண்டுவந்து தந்தாள்.

"தம்பி ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"தீபாவளிக்குச் சொல்லிக்கிறேன்க்கா. ஒரு கிளாஸ்தானே. பணம்கூட இன்னும் வரலை, யாரு கணக்கு பாக்கப் போறாங்க?"

தீபாவளியும் வந்தது, போனது. அவன் வேலைக்குப் போனதும் படிப்பாள். அவன் வரும் நேரத்துக்குக் கணினியை மூடிவிட்டு வெங்காயம் நறுக்குவாள். அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் மாடியில் எப்போதும் வெங்காய வாசம்.

நவம்பரில் ஒருநாள் காலை என் கதவைத் தட்டினாள். உதட்டில் இரத்தமே இல்லை.

"அக்கா, அவரு யூனிட்டை ஆப்கானிஸ்தான் அனுப்பப் போறாங்களாம். பிப்ரவரில."

"ஐயோ. அவர் என்ன சொல்லுறார்?"

"சிரிக்கிறாரு! 'நல்லவேளை, நாம எதையும் தொடலை, இந்த வாரமே திருப்பிக் குடுத்துட்டு டிசம்பர்ல வெளிய வந்துடலாம்'னு சொல்லிட்டு ஆபீஸ் போயிட்டாரு."

அவளோடு பேருந்தில் தளத்து வாசல் வரைக்கும் போனேன். அங்கேயுள்ள கல்வி அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றாள். உள்ளே போக அவளிடம் அட்டை இருந்தது, என்னிடம் இல்லை. துப்பாக்கி வைத்திருந்த காவல்காரப் பையனுக்கு எதிரில், குளிரில், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். சூடாக ஏதாவது குடிக்கிறீர்களா என்று அவன் கேட்டான். பயத்தில் வேண்டாம் என்றேன். பிறகு வேண்டும் என்று சொல்லியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

பிருந்தா வெளியே வந்தபோது கேட்கவே தேவையிருக்கவில்லை.

"முதல் நாள் கிளாஸுக்கு உள்ள போனதுமே யூஸ் பண்ணினதா ஆயிடுச்சாம். பணம் வந்துச்சா வரலையாங்கறது வேற விஷயமாம். இப்ப மீதியைத் திருப்பிக் குடுத்தாலும் நாலு வருஷம் நாலு வருஷம்தானாம்." கொஞ்சம் நடந்தாள். "ஆபீஸ்ல இருந்த அந்த அம்மா ரொம்ப நல்லவங்க. 'யுவர் ஹஸ்பண்ட் மஸ்ட் லவ் யூ வெரி மச்'னு சொன்னாங்க. அதுக்குப் பேசாம என்னை அடிச்சிருக்கலாம்க்கா."

பேருந்தில் அவள் அழவில்லை. ஜன்னலில் மூச்சு படிந்த இடத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் என் கையைப் பிடித்தாள்.

"சாயங்காலம் அவர்கிட்டச் சொல்றப்போ நீங்க கூட இருங்கக்கா."

கூப்பிடாமலே போகிறவளை யாராவது கூப்பிடுவார்களா? இருந்தேன். ஆனால் அன்றைக்கு, கூப்பிடாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அரவிந்த் கேக் வாங்கிக்கொண்டு வந்தான். "ஆன்ட்டி! நீங்களும் இருக்கீங்களா, பெர்ஃபெக்ட்!" என்று கத்தியைத் தேடினான். பிருந்தா மடிக்கணினியை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். மூடியில் குங்குமம் காய்ந்து, பாதி உதிர்ந்து, துருவேறினது மாதிரி இருந்தது.

"நான் தொட்டுட்டேங்க" என்றாள். "விஜயதசமிக்கு."

அவனுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. கல்வி அலுவலகத்தில் அவர்கள் சொன்னதை அவள் சொன்னாள். தன் அம்மா நாள் பார்த்துச் சொன்னதைச் சொல்லவில்லை. பழியை ஆருக்கும் பங்கு வைக்கவில்லை, அதைக் கவனித்தேன். அவன் கேக் பெட்டியின் நாடாவை அவிழ்த்தான், மறுபடியும் கட்டினான்.

"எங்கம்மாவும் என்னை அன்னைக்குத்தான் எழுத வச்சாங்க" என்றான் கடைசியில். "நியூ ஜெர்சில. அரிசில விரலைப் புடிச்சு."

"நான் நிறுத்திடறேன். இன்னைக்கே."

"நிறுத்தினா நான் போக வேணாமா?"

அவள் மேசையில் உதிர்ந்த குங்குமத்தை விரலால் ஒற்றியெடுத்தாள்.

"அப்ப எதுக்கு நிறுத்தற?" குரல் முதல்முறையாக உயர்ந்தது. பிறகு தானே தாழ்ந்தது. "கிளாஸ் புடிச்சிருக்கா?"

நான் பிருந்தாவைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லு பிள்ளை, என்று நினைத்தேன். ஒரு பொய்தானே, இரண்டு மாதமாக வெங்காயத்துக்குப் பின்னால் செய்தது எல்லாமே பொய்தானே.

"புடிச்சிருக்கு" என்றாள். "ரொம்ப."

அவன் எழுந்து குளியலறைக்குப் போனான். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. கேக்கை நாங்கள் யாரும் வெட்டவில்லை.

பிப்ரவரியில், விடியாத நேரத்தில் அவன் பெரிய பையோடு இறங்கிப் போனான். அந்த வாரம் படிக்கட்டு அவர்களுடைய முறை. பிருந்தா துடைத்துக்கொண்டேயிருந்தாள், துடைத்த படியையே மறுபடியும்.

"பிடிக்கலைன்னு சொல்லியிருக்கணும்க்கா" என்றாள். "போறவருக்கு எல்லாம் வீணாப் போச்சேங்கற கோபமாவது மிஞ்சியிருக்கும். இப்ப அதையும் புடுங்கிட்டேன்."

கமலநாயகி மேலே இருந்து எட்டிப் பார்த்தாள். மாதாந்தச் சிப்பாய் என்று இப்போது அவளும் சொல்வதில்லை. "தம்பிக்கு அங்க குளிரோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டாள்.

பிருந்தா அடுத்த வகுப்பிலும் சேர்ந்தாள். ஒருநாள் என் குசினியில், ஏதோ திருட்டுப் பொருளைக் காட்டுகிறவள் மாதிரிக் குரலைத் தாழ்த்தி, "தொண்ணூத்தாறு வாங்கியிருக்கேன்க்கா. கிளாஸ்லயே அதான் டாப்" என்றாள். நான் கைதட்டப் போனேன், தடுத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அவனிடம் இருந்து அழைப்பு வந்தது. குரல் விட்டுவிட்டுக் கேட்டது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று இவள் கேட்க, அவன் அதையெல்லாம் தள்ளிவிட்டு, "மார்க் வந்துடுச்சா?" என்றான்.

"வந்துச்சு. எழுபது."

மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்ன பிள்ளைகளை நான் பெற்றே இருக்கிறேன். குறைத்துச் சொன்னவளை அன்றுதான் பார்த்தேன். நான்கு வருடத்தைக் கொடுத்துவிட்டு மலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறவனுக்கு எழுபதா? என் வாயை எனக்குத் தெரியும், அது யார் சொல்லியும் நிற்காது.

"பொய் தம்பி!" என்று அவள் தோளுக்கு மேலால் கத்தினேன். "தொண்ணூத்தாறு! வகுப்பில இவள்தான் முதல்!"

பிருந்தா தொலைபேசியைப் பொத்தினாள். ஆனால் விரலிடுக்கால் அவன் கத்தியது கேட்டது. பக்கத்தில் இருந்த யாருக்கோ ஆங்கிலத்தில் சொன்னான், தொண்ணூற்றாறு, என் மனைவி, தொண்ணூற்றாறு. அங்கே யாரோ விசில் அடித்தார்கள்.

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. படிக்கட்டில் என் முறை வந்தபோது மட்டும் ஒரு தட்டுச் சுண்டலை வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, படிக்க நேரமாயிற்று என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.