ஆறு வண்டிக்கு ஒரு கைகாட்டி

தியோடருக்கு ஒரு பொருள் வாங்குவதென்றால் அது பெண் பார்க்கப் போவது மாதிரி. ஆயிரம் நொட்டை சொல்லித்தான் ஒன்றைப் பிடிக்கும். 2008-ல் விவேக் நகரில் அவன் வீட்டு மாடியில் மூன்று வாரம் ஒரே பேச்சு, பைக்கில் எந்த ஜி.பி.எஸ். மாட்டுவது என்று. காரில் ஒட்டுகிற வகை மலிவு. ஆனால் வெயிலில் திரை தெரியாது, மழை பட்டால் போச்சு, கையுறை போட்ட விரலை அது மதிக்கவே மதிக்காது. கையில் வைத்துக்கொள்கிற சின்ன வகை மழையைத் தாங்கும். ஆனால் புல்லட் ஆடுகிற ஆட்டத்தில் உள்ளே பேட்டரி நகர்ந்து நடுவழியில் அணைந்துவிடும். கடைசியில் மழைக்கும் ஆட்டத்துக்கும் அசையாத, வண்டி பேட்டரியிலிருந்தே கரண்ட் எடுக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் ஏழு கருவிகள் கொண்டுவந்து கொடுத்தார். அவன் குழுவில் எட்டு வண்டிகள். எட்டாவது ஆள் மட்டும் வேண்டாம் என்றுவிட்டார்.

அந்த எட்டாவது ஆள் கோதண்டராமன். முப்பது வருஷம் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை செய்து, ஒரு மரை தளர்ந்திருந்தாலும் முழு இயந்திரத்தையும் திருப்பி அனுப்பிய மனுஷர். அடுத்த தெருக்காரர். ஐம்பத்தேழு வயது, சர்க்கரை வியாதி, ஒரு பழைய எஸ்டி பைக். இந்த மூன்றையும் ஒரே கண்டிப்போடு பராமரித்தார். தியோடர் கருவியைக் காட்டி அரைமணி நேரம் பெருமை பேசியபோது பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"முன்னாடி போற வழி தெரியுது, சரி. பின்னாடி யார் வர்றாங்கன்னு இதுல தெரியுமா, தியோ?" என்று கேட்டார்.

தியோடர் சிரித்துவிட்டான். அதை அப்போது காதில் போட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பின்னால் வருகிறவர்களுக்கு அந்தக் குழுவில் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருந்தது. அதற்குக் கைகாட்டி என்று பெயர். ஊர்ப்பலகை இல்லாத பிரிவில் முதல் வண்டி திரும்பியதும் அதற்கு அடுத்த வண்டிக்காரர் அங்கேயே ஓரங்கட்டி நின்று, திரும்ப வேண்டிய பக்கம் கையை நீட்டிக் காட்ட வேண்டும். எல்லோரும் கடந்து, கடைசி வண்டிக்காரர் வந்து இடது கையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் அவர் இடத்தை விட்டு நகரலாம். ஐந்து வருஷம் முன்பு ஒருவர் கோலார் பக்கம் வழி தவறி மறுநாள்தான் கிடைத்தார். அன்றைக்கு இந்த விதியைப் போட்டவன் தியோடரேதான். "கடைசி வண்டி கை தூக்குற வரைக்கும் செத்தாலும் நகரக் கூடாது" என்பது அவன் வாயிலிருந்து வந்த வசனம். முதல் வண்டி எப்போதும் தியோடர், இரண்டாவது எப்போதும் கோதண்டராமன். அதனால் கைகாட்டியாக அதிகம் நின்றதும் அவர்தான்.

புதுக் கருவி வந்த பிறகு முதல் பயணம் ஒகேனக்கல்லுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளம்பும்போது கோதண்டராமனின் மனைவி சொர்ணம் வாசலுக்கு வந்து ஒரு டிபன் பாக்ஸைத் தியோடரின் வண்டிப் பெட்டியில் வைத்தாள். எஸ்டியில் பெட்டி கிடையாது. அஞ்சரைக்கு ஊசி போட்டிருக்கிறார், ரெண்டு இட்லிதான் சாப்பிட்டார், எட்டரை ஒன்பதுக்குள் கட்டாயம் எதாவது உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கி ஆளே வேறு மாதிரி ஆகிவிடுவார் என்று சொன்னாள்.

"என் கண்ணு முன்னாடியேதான் இருப்பாருக்கா" என்றான் தியோடர்.

ஆறு மணிக்குப் பொம்மனஹள்ளி பெட்ரோல் பங்கில் எட்டு வண்டிகளும் கூடின. தியோடருக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் யாரும் முனையில் நின்று வெயிலில் காய வேண்டாம், எல்லார் கருவியிலும் ஒகேனக்கல் இருக்கிறது, அவரவர் வேகத்தில் வாருங்கள், பரிசல் துறையில் சந்திப்போம் என்று அறிவித்தான். ஓசூரில் சேர்ந்து இட்லி சாப்பிடுகிற வழக்கத்தையும் அதோடு ரத்து செய்தான். ஆறு பேர் கைதட்டினார்கள். கோதண்டராமன் அந்த நேரம் பங்கின் மறுகோடியில் டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தார். அவர் எப்படியும் தன் பின்னால்தான் வரப்போகிறார், அவருக்குத் தனியாக என்ன சொல்வது என்று தியோடர் நினைத்தான். உண்மையைச் சொன்னால் நினைக்கக்கூட இல்லை.

ஓசூர் தாண்டியதும் அவன் கருவி வலப்பக்கம் பலகை வைத்த தேன்கனிக்கோட்டைச் சாலையைக் காட்டியது. அதில் அவன் குறைந்த தூரம் என்று வைத்திருந்தான். மற்ற ஆறும் பெட்டியிலிருந்து பிரித்தபடி குறைந்த நேரம் என்ற கணக்கிலேயே இருந்தன. அவை ஆறு பேரையும் நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று கூட்டிக்கொண்டு போய்விட்டன. எல்லோரும் போகும் இடம் ஒன்றுதான், வழிதான் வேறு. தியோடருக்கு இது தெரியாது. கண்ணாடியில் எஸ்டியின் விளக்கு தெரிந்தது, அதுவே போதும் என்று இருந்தான். அஞ்செட்டி தாண்டிக் காட்டுச்சாலை ஆரம்பித்ததும் அதையும் பார்ப்பதை விட்டுவிட்டான். ஒவ்வொரு வளைவையும் திரை முன்கூட்டியே வரைந்து காட்டியது. கண்ணை எடுக்கவே மனசு வரவில்லை.

பத்து மணிக்கு ஒகேனக்கல் போய்ச் சேர்ந்தான். எஸ்டி வரவில்லை. வழியில் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டிருப்பார் என்று டீ குடித்தான். பதினொரு மணிக்குச் சொர்ணம் போன் செய்தாள். அவர் போன் கிடைக்கவே மாட்டேன் என்கிறது, சாப்பிட்டாரா என்று கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் அக்கா என்று தியோடர் சொன்னான். ஏன் அப்படிச் சொன்னான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. வாயில் வந்தது, சொல்லிவிட்டான்.

போனை வைத்த கையோடு பென்னாகரம் பக்கமிருந்து ஆறு வண்டிகளும் வந்தன. கடைசியாக வருகிறவன் எப்போதும் ஸ்ரீஹர்ஷா. அவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அண்ணன் எங்கே என்று தியோடரையே கேட்டான்.

தியோடர் தன் வண்டிப் பெட்டியைத் திறந்தான். டிபன் பாக்ஸ் வைத்தபடியே இருந்தது. ஸ்ரீஹர்ஷாவைப் பென்னாகரம் பக்கம் போய்ப் பார்க்கச் சொல்லிவிட்டு, வந்த வழியே வண்டியைத் திருப்பினான்.

அந்தச் சாலையில் போன் எடுக்காது. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மூங்கில், நடுவில் அன்றைக்குக் காலையில் போட்ட யானைச் சாணம். தியோடர் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்துப் பள்ளத்தை எட்டிப் பார்த்தான். உடைந்த கிளை தெரிந்தால் நிறுத்தி இறங்குவான். அது மாட்டுக்கு ஒடித்த கிளை என்று தெரிந்ததும் மறுபடி ஓட்டுவான். திரையில் அவன் காலையில் போன தடம் நீலப் புள்ளிகளாகக் கிடந்தது. கருவிக்கு இன்னும் ஒகேனக்கல்தான் போக வேண்டும். தப்பான பக்கம் போகிறாய், திரும்பு, திரும்பு என்று வளைந்த அம்பைக் காட்டிக்கொண்டே இருந்தது. மூன்று வாரம் பார்த்துப் பார்த்து வாங்கிய சாமானைப் பிடுங்கி மூங்கில் புதரில் எறியலாம்போல அவனுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் கருவி மேல் இல்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

நாட்றாம்பாளையத்தில் ஒரு டீக்கடை. எஸ்டி வண்டியில் வயசானவர் ஒருவரைப் பார்த்தீர்களா என்று கேட்டான். பால் வண்டி ஓட்டுகிறவர் ஒருவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"மேல பிரிவுல நிக்கிறாரே, அவரா? ஒம்போது மணிக்குப் பாத்தேன், கை நீட்டிக்கிட்டு நின்னாரு. இப்ப வரும்போதும் அப்படியேதான் நிக்கிறாரு. யானை நடமாட்டம் இருக்கு, ஏறிக்குங்க, கொண்டு விட்டுடறேன்னேன். கடைசி வண்டி வரலைன்னுட்டாரு" என்றார்.

விழுந்து கிடந்திருந்தால் அது விபத்து என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் நின்றுகொண்டிருந்தார். அவன் போட்ட விதிக்கு, மூன்று மணி நேரமாக, வராத ஆறு வண்டிகளுக்குக் கை காட்டிக்கொண்டு. அவருக்குச் சர்க்கரை வியாதி என்று அவன் சொன்னதும் கடைக்காரம்மா ஒரு பிடி சர்க்கரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். காசு கேட்கவில்லை.

பிரிவு வந்தது. காலையில் அந்த முனையை அவன் நாற்பத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில் திரும்பியதாகக் கருவி குறித்து வைத்திருந்தது. எஸ்டி ஓரமாக நின்றது. பக்கத்தில் கோதண்டராமன். வலது கை வண்டியின் சீட்டை இறுக்கிப் பிடித்திருந்தது, இடது கை தியோடர் வருகிற சாலையை நோக்கி நீண்டிருந்தது. சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே."

அவர் யாரோ வழிப்போக்கனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "இடது பக்கம். இடது பக்கம் போங்க" என்றார். நாக்கு குழறியது.

தியோடர் சர்க்கரையை அவர் வாயருகே கொண்டுபோனான். அவர் தட்டிவிட்டார். பாதி மண்ணில் கொட்டியது. சர்க்கரை இறங்கினால் ஆளே வேறு மாதிரி ஆகிவிடுவார் என்று சொர்ணம் சொன்னது இதைத்தான். கையைப் பிடித்து இறக்கப் பார்த்தான். கை இரும்புக் கம்பி மாதிரி விறைத்திருந்தது, உள்ளுக்குள் மட்டும் நடுங்கியது. எல்லாரும் போயாச்சு அண்ணே என்று சொல்லிப் பார்த்தான், கெஞ்சினான்.

"ஆறு வண்டி. ஒண்ணுகூட வரல. கடைசி வண்டி வரணும்" என்றார். கால்கள் ஆடின. இன்னும் சிறிது நேரம் போனால் மயங்கிவிடுவார், மயங்கினவர் வாயில் எதையும் போட முடியாது, ஆஸ்பத்திரி இருபது கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் கிடையாது.

தியோடர் புல்லட்டை உதைத்துக் கிளப்பினான். அவரை அப்படியே விட்டுவிட்டு அஞ்செட்டி பக்கம் நூறு கஜம் ஓட்டினான். அந்த நூறு கஜம்தான் அவன் வாழ்நாளில் ஓட்டியதிலேயே நீளமான தூரம். வளைவுக்குப் பின்னால் திருப்பி, விளக்கைப் போட்டுக்கொண்டு, மெதுவாக வந்தான். முனையை நெருங்கியதும் இடது கையை உயரத் தூக்கினான்.

கோதண்டராமன் அந்தக் கையைக் கண் சுருக்கிப் பார்த்தார். ஒரு தரம் தலையை ஆட்டினார். பிறகுதான் நீட்டிய கை இறங்கியது. கையோடு முழங்காலும் மடிந்தது. தியோடர் புல்லட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தான். மீதிச் சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்து வாயில் விட்டபோது இந்தத் தடவை விழுங்கினார்.

நினைவு தெளிய இருபது நிமிஷம் ஆயிற்று. டிபன் பாக்ஸில் எலுமிச்சம்பழச் சாதம். நாலு வாய் சாப்பிட்ட பிறகு, மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்றுதான் முதலில் கேட்டார்.

தியோடர் எல்லாவற்றையும் சொன்னான். காலையில் கைகாட்டி வேண்டாம் என்று சொன்னதை, அப்போது அவர் காற்று பிடிக்கப் போயிருந்ததை, அவரிடம் தனியாகச் சொல்லாததை. சொல்லும்போது அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

கோதண்டராமன் சாதத்தை மென்றுகொண்டே இருந்தார். "நான் இல்லைன்னு எத்தனை மணிக்குத் தெரிஞ்சது?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். காலையில் அக்காவிடம் ஒன்று சொன்னதே போதும்.

"பதினொண்ணு. அதுவும் அக்கா போன் பண்ணின பிறகுதான்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் தியோடருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் டிபன் பாக்ஸை மூடி, கைகழுவி, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். எஸ்டியை அங்கேயே பூட்டிவிட்டுத் தியோடரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். விழுந்த புல்லட்டில் கருவியின் திரை கீறியிருந்தது, அம்பு மட்டும் ஒகேனக்கல்லையே காட்டிக்கொண்டிருந்தது.

அஞ்செட்டிக்குள் நுழைந்ததும் தியோடரின் போன் அடித்தது. சொர்ணம். வண்டியை நிறுத்தி, போனைப் பின்னால் அவரிடம் நீட்டினான்.

கோதண்டராமன் வாங்கவில்லை.

"கண்ணு முன்னாடியே வெச்சுக்கறேன்னு சொன்னது நீ. நீயே சொல்லு" என்றார்.

தியோடர் பட்டனை அழுத்திக் காதில் வைத்தான். அவர் சாப்பிட்டு முடித்துவிட்டாரா என்று சொர்ணம் கேட்டாள். அக்கா என்று கூப்பிட்டு, பெட்ரோல் பங்கிலிருந்து ஆரம்பித்தான்.