ஒப்பிடுக: இரண்டு பூக்கள்

பள்ளி ஆய்வகத்தில் டப்பாவைத் திறந்தால் உள்ளே சாப்பாடு இருந்தது. மகள் கண்ணில் படக்கூடாதென்று ஈரத்துணியில் சுற்றிச் சாப்பாட்டு டப்பாவில் ஒளித்த செம்பருத்தியும் கத்தரிப்பூவும் அவள் பையிலேயே போய்விட்டன. இரண்டும் ஒரே மாதிரி டப்பா. பத்து மணிக்குத் தாவரவியல் செய்முறைத் தேர்வு. தட்டில் வைக்கும் இரண்டு பூக்களை அறுத்துப் பார்த்து ஒப்பிட்டு எழுத வேண்டும். அவை என்ன பூக்கள் என்பது டீச்சருக்கும், ஆய்வக உதவியாளரான எனக்கும் மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். எழுதப்போகிறவர்களில் என் மகளும் ஒருத்தி. போன தடவை நாலு மார்க்கில் கோட்டைவிட்டவள். இந்த முறையும் போனால் படிப்பு அவ்வளவுதான் என்று அவள் அப்பா சொல்லியாகிவிட்டது. நேற்றிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டு நான் வீட்டில் நடமாடிய பாடு எனக்குத்தான் தெரியும். அவள் எதிரே வந்தாலே சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன்.

ஒன்பதரைக்கு ஆய்வக ஜன்னலோரம் வந்து நின்றாள்.

“அம்மா, டப்பா மாறிடுச்சு.”

“தொறந்தியா?”

“காலைல சாப்பிடலல்ல, பசிச்சுது. தொறந்துட்டேன்.” தலையைக் குனிந்துகொண்டாள். “உடனே மூடிட்டேம்மா.”

திறக்கவில்லை என்று ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். எனக்கு வேலை மிச்சம். அதுவும் செம்பருத்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கையைப் பிசைந்துகொண்டு மேசைக்கும் வாசலுக்குமாக நாலு தரம் நடந்தேன். பிறகு டீச்சரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். “நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

“ஆமா டீச்சர்.”

“இப்ப பூவுக்கு எங்க போறது?”

பள்ளிக்கூட வேலியோரம் ஓடினேன். கைக்குக் கிடைத்தது நித்தியகல்யாணியும் சங்குப்பூவும்தான். சங்குப்பூ என்றாலே அவளுக்குத் தகராறு. பறிக்கப் பறிக்க என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

தட்டுகளை நானே வைத்தேன். அவள் பூக்களைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. நித்தியகல்யாணியை மளமளவென்று முடித்தாள். சங்குப்பூவைப் பிரித்து, ஊசி முனையால் மகரந்தத் தாள்களை எண்ண ஆரம்பித்தாள். உதடு அசைந்தது. ஒன்பது சேர்ந்து ஒட்டியிருக்கும், பத்தாவது தனியாக நிற்கும். அவள் ஒன்பதோடு நின்றாள். பேனாவை எடுத்தாள், வைத்தாள். அந்த ஒற்றைத் தாள் இதழோடு ஒட்டிக்கொண்டு தட்டின் ஓரத்தில் கிடந்தது. நான் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் ஊசியை எடுத்து, மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.