ஏழாம் பெட்டியின் மார்கழி

ஓரிக்கை தேனீ வளர்ப்போர் சங்கத்தில், ஐப்பசி மழை தொடங்கி மார்கழி முடிகிற வரைக்கும் ஒரே ஒரு விதிதான்: எந்தப் பெட்டியிலிருந்தும் தேன் எடுக்கக் கூடாது. வெளியே பூ இருக்காது. உள்ளே சேர்த்ததைத் தின்றுதான் தேனீக்கள் தை வரைக்கும் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். விதியை எழுதியவர் தலைவர் கோதண்டபாணி. பத்துப் பெட்டிகளும் நிற்கிற கொய்யாத் தோப்பு அவருடையது. ஷெட்டில் இருக்கும் கரும்பலகையில் அந்த விதியைத் தன் கையாலேயே எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்திருந்தார்.

ஏழாம் எண் பெட்டி வடிவாம்பாளுடையது. பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கிறவள். தறி நின்ற நேரமெல்லாம் ஷேர் ஆட்டோ பிடித்து ஓரிக்கைக்கு வந்துவிடுவாள். மழை பிடித்ததிலிருந்து ரேஷன் சர்க்கரையைப் பாகாக்கி, கொட்டாங்கச்சியில் ஊற்றி, இரண்டு நாளைக்கு ஒருமுறை பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவாள். வீட்டில் இரண்டு மாதமாகச் சர்க்கரையில்லாத டீ. புருஷன் முகத்தைச் சுளித்தால், "உனுக்குக் கடையில கிடைக்கும், அதுங்களுக்கு எங்க கிடைக்கும்?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

புரட்டாசியில் அவள் ஒரு கூத்து பண்ணியிருந்தாள். பெட்டிக்குள் இரண்டு தேனடைகள் விண்டு விழுந்தன. விழுந்த அடையை மரச்சட்டத்தோடு வாழை நாரால் கட்ட வேண்டும் என்பது பாடம். அடை ஒட்டிக்கொண்டதும் தேனீக்களே நாரைக் கடித்துத் துப்பிவிடும். வடிவாம்பாளின் கை பழக்கத்தில் இடுப்பிலிருந்த அரக்குப் பட்டு இழையை எடுத்துக் கட்டி, தறியில் அறுந்த இழைக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டுவிட்டது. பட்டு இழையை எந்தத் தேனீ கடிக்கும்? அடுத்த கூட்டத்தில் கோதண்டபாணி, "நம்ம வடிவு தேனீக்கு முகூர்த்தப் பொடவை கட்டிவுட்டுக்கீதுபா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள்.

மார்கழி முதல் ஞாயிறு குளிர்காலக் கூட்டம். சிறப்பு விருந்தினராக மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி. வடிவாம்பாள் வந்து சேர்ந்தபோது ஷெட்டில் சால்வை போர்த்தி முடிந்து, அதிகாரி கையில் ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தார். எதிரே எவர்சில்வர் தட்டில் இரண்டு அடைகள், தேன் வழிய வழிய.

"அடடா! இந்த ருசி காட்டுப் பூவுலதான் வரும்," என்றார் அதிகாரி.

"எல்லாம் நம்ம பாலாத்துக் கரை மகிமை சார்," என்றார் கோதண்டபாணி.

தட்டில் அடையைச் சுற்றி, கத்தியால் அறுபட்ட அரக்கு இழை கிடந்தது. முடிச்சும் அவிழாமல் கிடந்தது.

வடிவாம்பாள் தோப்புக்குள் ஓடி ஏழாம் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். காற்றாய் வந்தது. மூடியைத் திறந்தால், வெறும் அடையின்மேல் தேனீக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தன. காலி மரச்சட்டங்கள் இரண்டும் குழாயடிச் சேற்றில் கிடந்தன. அவற்றைப் பொறுக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள்.

"என் பொட்டிய யாரு தலைவரே தொறந்தது?"

கோதண்டபாணி சிரித்த முகத்தை மாற்றாமல் குரலை மட்டும் தணித்தார். "மத்தப் பொட்டில எல்லாம் தேனு கம்மிமா. உன்னுதுதான் கனமா இருந்துச்சி. வந்தவருக்கு வெறும் தட்ட நீட்டறதா? சங்கத்து மானம் இன்னாத்துக்கு ஆவறது?"

"கனமா இருந்துச்சின்னா நான் ஊத்துனேன், இருந்துச்சி! அதுங்க வாயில இருக்கறத புடுங்கித்தான் உன் மானத்தக் காப்பாத்தணுமா? வெதி எழுதி ரெண்டு கோடு இழுத்தியே, அது எங்களுக்கு மட்டுந்தானா?"

ஊருக்குத்தான் உபதேசம் என்று பின்வரிசையில் யாரோ முனகினார்கள். வடிவாம்பாள் அதிகாரி பக்கம் திரும்பினாள்.

"அய்யா, உங்க மேல தப்பில்ல. ஆனா நீங்க சாப்பிட்டது காட்டுப் பூவு இல்ல. எங்க ஊட்டு ரேஷன் சக்கரை."

அதிகாரி ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். கோதண்டபாணி மட்டும் அசரவில்லை. "கோவக்காரம்மா சார், மனசுல ஒண்ணும் கெடயாது," என்று சொல்லி, போட்டோ எடுக்க எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

அன்றைக்கும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவள் பாகு கொண்டுபோனாள். மழை தூறிக்கொண்டே இருந்தது. கொட்டாங்கச்சியில் ஊற்றியது ஊற்றியபடி இருந்தது. புதன்கிழமை மூடியைத் திறந்தபோது உள்ளே ஒரு தேனீகூட இல்லை. அந்த மழையில், எங்கும் ஒரு பூ இல்லாத மார்கழியில், எதை நம்பிப் போயிருக்கும்? அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

அந்த நேரம் பார்த்து கோதண்டபாணியிடமிருந்து போன். "உன் கையெழுத்து அழகா இருக்கும்மா. ஞாயித்துக்கெழமை கூட்டம் சீரும் சிறப்புமா நடந்துச்சின்னு போர்டுல நாலு வரி எழுதிடு."

"எழுதறேன்," என்றாள் வடிவாம்பாள்.

எழுதினாள்.

*மார்கழிச் செய்தி. ஏழாம் பெட்டித் தேனீக்கள் பட்டினியால் வெளியேறிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை விருந்தினருக்குத் தேன் என்று பரிமாறப்பட்டது அவற்றின் சாப்பாடு. எடுத்துக் கொடுத்தவர் தலைவர் கோதண்டபாணி.*

விதியையும் அதன் இரண்டு கோடுகளையும் அழிக்காமல், அதற்கு நேர் கீழே எழுதினாள். பிறகு காலிச் சட்டங்கள் இரண்டையும் பலகையின் குறுக்கே நிறுத்தி, அரக்குப் பட்டை நாலு இழையாக முறுக்கி, பலகையை ஒட்டிய ஜன்னல் கம்பியோடு இழுத்துக் கட்டி, அதே முடிச்சைப் போட்டாள். இனி சட்டத்தை எடுக்காமல் பலகையில் கை வைக்க முடியாது.

சாயங்காலம் கோதண்டபாணி வந்தார். படித்தார். முகம் கறுத்தது. சட்டத்தைப் பிடித்து இழுத்தார். இழை விரலை அறுத்ததே தவிர, தான் அறுகிற வழியாக இல்லை. வடிவாம்பாள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள். மூலையில் ஜான்சன், சங்கத்துக்குப் பெட்டி செய்து கொடுக்கிற தச்சர், உளியோடு வேலையாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாயே திறக்காதவர்.

"ஜான்சன், அந்த உளிய இப்பிடிக் குடுப்பா."

ஜான்சன் உளியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இருக்கட்டும் தலைவரே," என்றார். "தை மாசம் வரிக்கும் அதுல யாரும் கை வெக்கக் கூடாது."