லோசேனாவின் பலகைக்கு மட்டும் புது ரப்பர்

“அவ பலகைக்கு மட்டும் புது ரப்பர்! என் பலகை என்ன பாவம் பண்ணுச்சு?”

“கத்தாத அதேதா. தெருவே கேக்குது.”

“கேக்கட்டும்! கல்யாணமான நாள்லேர்ந்து உன்கூட மையில கெடக்கேன். எனக்கு ஓரமெல்லாம் சுருண்ட பழசு. நேத்து வந்தவளுக்குப் பளபளன்னு புதுசா?”

தெரு கேட்டதோ என்னவோ, நான் கேட்டேன். ரைவாங்கா பேட்டையில் எங்கள் சமையலறைக்கும் அபிசாயின் அச்சுப் பட்டறைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். அதில் ஆணி கழன்று ஓட்டை விழுந்ததற்கு நான் பொறுப்பல்ல.

சட்டைகளில் படம் அச்சடிக்கிற பட்டறை அது. இயந்திரத்தின் நான்கு கைகளிலும் அலுமினியப் பலகைகள், ஒவ்வொன்றின் மேலும் ரப்பர். அதன்மேல் சட்டையை விரித்து, படம் பதித்த வலைச் சட்டத்தை இறக்கி, மையை இழுக்க வேண்டும். ஒரு பக்கம் அபிசாயின் மனைவி அதேதா நிற்பாள். எதிர்ப்பக்கம் லம்பாசா ஊரிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த லோசேனா. காதோரம் பூ வைத்துக்கொண்டு வருவாள். எந்தக் காதில் என்று அதேதா தினமும் பார்ப்பாள். கல்யாணமாகாதவர்கள் வைக்கிற பக்கம்தான்.

அன்று அதேதா மதியம் மீன் குழம்பு சாப்பிட்டு வருவதற்குள் லோசேனாவின் பலகை புதுத்தோல் போட்டுக்கொண்டது.

மாற்றியது அபிசாய் இல்லை. மை கொண்டுவரும் வேன்காரன் ருசியாத்தே. அவன் சூடுகாட்டிப் பழைய ரப்பரை உரித்ததையும், பசையைச் சுரண்டித் துடைத்ததையும், புதியதை ஒரு முனையிலிருந்து குமிழ் விழாமல் உருட்டி ஒட்டியதையும் பார்த்தேன். அவன் கண் பலகையில் இருந்ததைவிட லோசேனாவின் பூவில்தான் அதிகம் இருந்தது. வேறு பையன்கள் சாக்லேட் வாங்கித் தருவார்கள்.

அதேதாவிடம் போய்ச் சொன்னேன்.

“என் புருஷன் சொல்லச் சொல்லி அனுப்பினானா அக்கா உன்னை? வேன்காரன் எதுக்கு எங்க பலகைக்கு ரப்பர் போடுறான்? போ, போய் உன் கறியப் பாரு.”

சரி, அபிசாயையே கேட்போம் என்று ஓட்டைப் பக்கம் போனேன். “உண்மையச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

அவன் சிரித்தான். “இத்தனை வருஷத்துல எனக்காக அவ ஒரு தடவைகூட இப்படிக் கத்தினதில்ல அக்கா. நல்லாத்தான் இருக்கு. கொஞ்ச நாள் ஓடட்டுமே.”

ஒரு பலகைக்கு ரப்பர் மாற்றினால் நான்குக்கும் மாற்ற வேண்டும். நகக்கனம் உயரம் மாறினாலும் மை ஒன்றுபோல விழாது. அபிசாய்க்குத் தெரியாததா? ஓசி ரப்பரும் மனைவியின் பொறாமையும் சேர்ந்து ஆளை மயக்கிவிட்டன.

அதேதா சும்மா இருப்பாளா? அபிசாய் ஒருநாள் கடைக்குப் போன நேரம் பார்த்து, தன் பலகையின் பழைய ரப்பரைச் சூடுகூடக் காட்டாமல் பிய்த்தெறிந்தாள். திட்டுத்திட்டாக நின்ற பசைமேலேயே, வேன் தரைக்குப் போடுகிற தடித்த கறுப்பு விரிப்பை வெட்டி ஒட்டினாள். “இப்ப யாரு பலகை ஒசரம்?” என்று லோசேனாவைப் பார்த்துக் கேட்டாள். லோசேனா பாவம், “உங்களுதுதான் அக்கா” என்றாள்.

அந்த வாரம் கந்தாவுத் தீவுக்காரர்களின் கல்யாண வேலை. மணமகன் பக்கத்தார் எல்லோரும் ஒரே ஆமைப் படம் போட்ட சட்டையில் வந்து நிற்க வேண்டும். ஒரு கோடு மாறினாலும் அந்த வீட்டைத் தள்ளிவைத்த மாதிரி. அவசரத்தில் இரு பெண்களும் அவரவர் பலகையில் இழுத்துத் தள்ளினார்கள். அடித்ததை அபிசாய் பார்க்கவில்லை. அவன் மனைவியின் முகத்தைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தான்.

வாங்க வந்த மணமகனின் பெரியம்மா இரண்டு சட்டைகளைத் தூக்கிப் பிடித்தாள். “இது ஆமை. இது என்ன, சேறா? சேத்துச் சட்டைய எந்த வீட்டுக்குக் குடுக்க? என் தங்கச்சி வீட்டுக்கா? ஜென்மத்துக்கும் பேசமாட்டா!”

“எல்லாம் இவளால!” அதேதா லோசேனாமேல் பாய்ந்தாள். “என் புருஷன் உனக்கு ரப்பர் ஒட்டலேன்னா நான் ஏன் இதை ஒட்டுறேன்?”

வாசலில் மை டப்பாவோடு நின்ற ருசியாத்தே டப்பாவைக் கீழே வைத்தான். “அக்கா, ஒட்டினது நான். இவளுக்குன்னுதான் கொண்டாந்தேன். அண்ணன்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேனே.”

அதேதா மெல்லத் திரும்பினாள். “உனக்குத் தெரியுமா?”

அபிசாய் கால் விரலைப் பார்த்தான். “நீ பொறாமப்பட்டியா... சந்தோஷமா இருந்துச்சு.”

அவள் கத்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மைக் கையைக் கழுவிக்கொண்டு, நவுசோரியில் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அபிசாய் நான்கு பலகைகளையும் உரித்து, ஒரே கனத்தில் புது ரப்பர் ஒட்டி, சேற்றுச் சட்டைகளுக்குப் பதில் புதிதாக அடித்துக் கொடுத்தான். பிறகு ஒரு கட்டு யங்கோனா வேரைத் தூக்கிக்கொண்டு நவுசோரி போய், மச்சான்மார் முன் சம்மணமிட்டு மன்னிப்புக் கேட்டான். வேரை வாங்கிக்கொண்டார்கள்; வாங்கினால் மன்னித்ததாக அர்த்தம். இடித்துக் கரைத்துக் குடிக்கவும் செய்தார்கள். ஆனால் முடிவு அதேதாவுடையது.

“நீ போ. நான் இங்கயே இருக்கேன்,” என்றாளாம். “இங்க சர்ச்சுல பாட்டுச் சொல்லிக்குடுக்கிறவர் தினம் வண்டியில கூட்டிட்டுப் போறார். பொண்டாட்டி செத்தவரு. நல்ல மனுஷன்.”

“எதுக்கு தினம்?”

“பாட்டுக் கத்துக்கத்தான்.”

அடுத்த சனிக்கிழமையும் போனான், அதற்கடுத்த சனிக்கிழமையும். வரும்போது முகம் சுண்டிப்போயிருக்கும். “அந்த ஆளு குரல் நல்லாருக்குமா அக்கா?” என்று ஓட்டை வழியாக என்னையே கேட்டான். எனக்கெப்படித் தெரியும்? நல்லாத்தான் இருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

மழை மாதம் முடிவதற்குள் இயந்திரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு அபிசாய் அதேதாவோடு சேர்ந்திருக்க நவுசோரிக்கே குடிபோய்விட்டான். லோசேனா ருசியாத்தேயைக் கல்யாணம் செய்துகொண்டு லவுத்தோக்கா போய்விட்டாள். பாட்டு வாத்தியார் யாரோ ஒரு நர்சை மணந்துகொண்டாராம்.